14ஆம் மாதத்தில் வந்த பச்சைக் கோடு

கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். மட்டக்களப்பு நகரத்துக் கல்லடியில் பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கும் தவணைக் கணக்கும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். அப்படிப்பட்ட நான் போன் கடையில் நின்றபோது ஒரு கணக்கும் போடவில்லை. "மாசம் ஒன்பதாயிரம்தான் சேர்" என்றார்கள். ஒன்பதாயிரம் கட்டலாம் என்று மனம் சொன்னது. கையெழுத்து வைத்துவிட்டேன்.

போனின் விலை 168,000 ரூபா. 48,000 கையில் கொடுத்தேன். மிச்சம் 120,000, 18 மாதத் தவணை. வரண்டி 12 மாதம். இந்த இரண்டு எண்களும் ஒரே பில்லில், ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன. 18, 12. அவற்றுக்கு நடுவே 6 மாதப் பள்ளம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

14ஆம் மாதத்தில் ஒருநாள் காலை, திரையின் மேலிருந்து கீழ் வரை மயிரிழை போல ஒரு பச்சைக் கோடு. போன் விழவில்லை, நனையவில்லை. இரவு மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன், காலையில் கோடு. அணைத்துத் திறந்து பார்த்தேன், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிப் பார்த்தேன். போகவில்லை. இரண்டு கிழமையில் பக்கத்தில் இன்னொரு கோடும் சேர்ந்துகொண்டது. கட்ட வேண்டிய தவணை இன்னும் நான்கு.

இதற்குப் பிறகு நான் அலைந்ததும் கேட்டதும் தேடி வாசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கோடு. இப்போதைய விலை கூடிய போன்களில் பெரும்பாலும் இருப்பது அமோலெட் திரை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிரும். ஒரு நிரலில் மேலிருந்து கீழாக இருக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று சொல்வது திரையின் அடியில் இருக்கும் ஒரு சின்ன சிப். அந்தச் சிப்பையும் திரையையும் இணைப்பது காகிதம் போல மெல்லிய, வளையக்கூடிய ஒரு படலம். அதில் மயிரை விட மெல்லிய கம்பித் தடங்கள் வரிசையாக ஓடும். அவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் திரையோடு ஒட்டப்பட்டவை. போன் சூடாகிச் சூடாகி ஆறும்போது ஏதோ ஒரு தடத்தின் ஒட்டு விட்டுப்போனால், அந்த நிரலுக்கு மட்டும் கட்டளை போய்ச் சேராது. அந்த நிரல் அணையாமல் எரிந்துகொண்டே நிற்கும். இந்தத் திரைகளில் பச்சைப் புள்ளிகள்தான் எண்ணிக்கையில் அதிகம், நம் கண்ணும் பச்சையைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். ஊரெல்லாம் இதைப் 'பச்சைக் கோடு' என்று சொல்லக் காரணம் இதுதான்.

இதைச் சொஃப்ட்வெயாரால் திருத்த முடியாது. "அப்டேட் போட்ட பிறகுதான் வந்தது" என்று உலகம் முழுக்கப் பலர் குறைசொன்னார்கள். அப்டேட் ஏறும்போது போன் நன்றாகச் சூடாகும் என்பது உண்மை. ஏற்கெனவே விட்டுப்போக இருந்த ஒட்டு அந்தச் சூட்டில் விட்டிருக்கலாம். எப்படியோ, கோடு வந்தால் திரையை மாற்றுவது ஒன்றுதான் வழி.

இந்தியாவில் இந்தக் குறைக்குப் பெரிய சத்தம் எழுந்தது. ஒன்பிளஸ் தன் பாதிக்கப்பட்ட போன்களுக்கு ஆயுட்காலத் திரை உத்தரவாதம் கொடுத்தது. சம்சுங் சில எஸ் வரிசைப் போன்களுக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. இந்தச் சலுகைகள் அந்த நாட்டுச் சந்தைக்கென்று அறிவிக்கப்பட்டவை. மட்டக்களப்பில் இருக்கிறவர் அந்தச் செய்தியைத் தன் போனில் வாசிக்கலாம், பச்சைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக.

கொம்பனிகள் குறையை ஒப்புக்கொண்ட சரித்திரத்தைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. 2016இல் கேலக்ஸி நோட் 7 பற்றரி தீப்பிடித்தபோது சம்சுங் உலகம் முழுவதும் போன்களைத் திருப்பி எடுத்து, அந்த மொடலையே நிறுத்தியது. உயிராபத்து, விமானங்களில் தடை, வேறு வழியில்லை. 2017 கடைசியில், பற்றரி பழசான ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்து வைத்ததை அப்பிள் ஒப்புக்கொண்டது. பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலருக்கு இறக்கியது. 2020இல் பிரான்ஸ் அதற்காக 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே குறையைச் சொன்னால், அதுவும் கேள்வி கேட்கக்கூடிய அரசு உள்ள நாட்டில் சொன்னால், அது 'குறைபாடு' ஆகிறது. தனி ஆளாக ஒருவர் ஆரையம்பதியிலிருந்து சொன்னால் அது 'பாவனையால் வந்தது' ஆகிவிடுகிறது.

நம் ஊர்ப் பாவனையும் லேசுப்பட்டதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போன் கொம்பனிகள் வெப்ப எல்லை என்று ஒன்று எழுதிவைத்திருக்கின்றன. ஐபோனுக்கு அது 35 பாகை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் போனைச் சார்ஜில் போட்டுப் பாருங்கள், அந்த எல்லை எங்கே போய்விட்டது என்று தெரியும். லிதியம் பற்றரிக்குச் சூடுதான் பெரிய எதிரி. மோட்டார் சைக்கிள் கைபிடியில் போனை மாட்டிக்கொண்டு வெயிலில் வாழைச்சேனை வரை போய் வருகிறவர்களின் பற்றரி ஊதி, பின்மூடி கிளம்பி நிற்பதை எந்தப் போன் கடையிலும் பார்க்கலாம்.

அப்புறம் வாவி. 'தண்ணீர் புகாது, ஐபி 68' என்ற விளம்பரத்தை நம்பித் தோணியில் போனோடு போகிற தம்பிமார் பலரை எனக்குத் தெரியும். அந்த எண்ணின் பொருள் இதுதான்: புதுப் போன், ஆய்வுகூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில், கொம்பனி சொன்ன ஆழத்தில் சொன்ன நேரம் தாங்கியது. பெரும்பாலும் அது ஒன்றரை மீற்றர், 30 நிமிடம் என்ற கணக்கில் வரும். நம் வாவித் தண்ணீர் உப்பும் நன்னீரும் கலந்தது. கடல் இன்னும் மோசம். உப்பு செம்பைத் தின்னும், சார்ஜ் குத்தும் துளையில்தான் முதலில் தொடங்கும். இரண்டு வருடம் பழகிய போனில் ஓரத்துப் பசையும் இளகியிருக்கும். இவ்வளவுக்கும் மேலே, 'தண்ணீர் புகாது' என்று விளம்பரம் செய்யும் அதே கொம்பனியின் வரண்டித் தாளில் தண்ணீர்ச் சேதம் உத்தரவாதத்துக்கு வெளியே என்று எழுதியிருக்கும். பல போன்களுக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது. ஈரம் பட்டால் சிவப்பாகும். சேர்விஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பது நம் ஊர் வைத்தியம். நெல் விளையும் மண்ணில் வேறென்ன செய்வது. ஆனால் அரிசித் துகள் உள்ளே போய் இன்னும் கேடு செய்யும், அப்படிச் செய்யாதீர்கள் என்று அப்பிள் 2024இல் எழுதியே வைத்துவிட்டது. அணைத்துவிட்டு, துளை கீழே பார்க்கப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். சோறு சோறாகவே இருக்கட்டும்.

வரண்டி என்ற ஒரு சொல், நாலு பொருள்

கடையில் "வரண்டி இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். யாருடைய வரண்டி என்பதுதான் விசயம். இலங்கையில் அந்தப் பிராண்டை அதிகாரபூர்வமாக இறக்குகிற ஏஜென்ட் கொடுப்பது ஒன்று. டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தானே இறக்கி விற்கும் கடை தன் பெயரில் கொடுப்பது இன்னொன்று. முதலாவதில் கொம்பனிப் பாகம் வரும். இரண்டாவதில் கடைக்காரர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துத் திருத்தித் தருவார், பாகம் எங்கிருந்து வரும் என்பது அவருக்கும் அந்த மெக்கானிக்குக்கும் இடையிலான சங்கதி. பாவித்த போன் என்றால் 'பார்த்துக்கொள்ள' ஒரு கிழமை, பத்து நாள் தருவார்கள். சொஃப்ட்வெயாருக்கு மட்டும் ஒரு வருட வரண்டி என்று எழுதித் தருகிறவர்களும் உண்டு. சொஃப்ட்வெயார் பெரும்பாலும் பழுதாவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் மச்சான்மார் கொண்டுவரும் போன்களில் இன்னொரு சிக்கல். பல கொம்பனிகள் வரண்டியை விற்ற நாட்டோடு கட்டிவைத்திருக்கின்றன. பெட்டியில் பெரிய பெயர் இருக்கும், இங்கே கொண்டுபோனால் 'இது நம்ம செட் இல்லை' என்பார்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் சிம் போடும் தட்டே கிடையாது. வாங்கி அனுப்பியவருக்கு அது தெரியாது, இங்கே பிரித்துப் பார்க்கிறவர் சிம்மை எங்கே போடுவதென்று போனைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

போனில் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் 15 இலக்க ஐஎம்ஈஐ எண் வரும். ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன்னால், கடையிலேயே நின்று செய்ய வேண்டிய வேலை. கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

என் போன் ஏஜென்ட் வரண்டிப் போன். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 12 மாதம் முடிந்து இரண்டு மாதம். கூடவே, திரைக்கென்று தனியாக ஒரு பாதுகாப்புத் திட்டமும் எடுத்திருந்தேன், 24 மாதத்துக்கு. ஆவலோடு அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், கண்ணாடி உடையல்லயே."

"உடையல்ல தம்பி. கோடு மட்டும்தான் விழுந்திருக்கு."

"அதுதான் பிரச்சினை. இது விழுந்து உடைஞ்சா மட்டும்தான் சேர். உடைஞ்சு வந்திருந்தா மாத்தித் தந்திருப்பம்."

வெளியே வந்து வாசல்படியில் நின்றேன். சீமெந்துத் தரை. கையில் போன். அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். நாளைக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தத் திட்டங்களை விற்பவர்கள் பொய் சொல்வதில்லை. 'திரைப் பாதுகாப்பு' என்பதை நாம் திரைக்கு வரும் எல்லாவற்றுக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். வரண்டி உள்ளே பிறந்த குறைக்கு. பாதுகாப்புத் திட்டம் வெளியே பட்ட அடிக்கு. வயதால் வரும் தேய்வுக்கு இரண்டும் இல்லை. பச்சைக் கோடு உண்மையில் முதல் வகை என்று நான் நம்புகிறேன், ஆனால் காலம் கடந்து வந்ததால் மூன்றாம் வகைக்குள் தள்ளப்பட்டுவிட்டது.

திருத்துகிறவர்கள்

கொம்பனி சேர்விஸில் புதுத் திரைக்கு 62,000 ரூபா சொன்னார்கள், போன் கொழும்புக்குப் போய்வர மூன்று கிழமை. திருமலை வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில், பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்த பெடியன் 24,000க்கு அன்றைக்கே மாற்றித் தருவதாகச் சொன்னார். நான் கேட்காமலேயே இதையும் சொன்னார்: "ஒரிஜினல் இல்ல சேர், கொப்பி. வெளிச்சம் கொஞ்சம் குறையும். விரல் அடையாளம் வேலை செய்யாமப் போகலாம். ஆறு மாசம் ஒழுங்கா இருந்தா மறுகா பிரச்சினை வராது." அந்த ஒரு மாதத்தில் என்னிடம் யாரும் சொன்ன மிக நேர்மையான வாக்கியங்கள் அவைதான்.

திரைகளில் சாதி பல. கொம்பனிப் பெட்டியில் வருவது, பழைய போனிலிருந்து கழற்றி எடுத்தது, கண்ணாடியை மட்டும் மாற்றிப் புதுப்பித்தது, அமோலெட்டைப் போலத் தானாக ஒளிரும் ஓஎல்ஈடியில் செய்த கொப்பி, பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும் எல்சிடியில் செய்த மலிவுக் கொப்பி. கடைசி வகையைப் போட்டால் போன் கொஞ்சம் தடித்துவிடும், பற்றரியும் கூடக் குடிக்கும், திரைக்குள் இருக்கும் விரல் அடையாளம் எடுக்காது. 'ஒரிஜினல்' என்ற சொல்லை எல்லா வகைக்கும் சொல்கிறார்கள். எது ஒரிஜினல், எங்கிருந்து கழற்றியது, எத்தனை நாள் உத்தரவாதம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஐபோன் என்றால் பாகம் மாறியதைப் போனே காட்டிக்கொடுத்துவிடும், அமைப்புகளுக்குள் 'அறியப்படாத பாகம்' என்று எழுதி.

ஆனால் ஒழுங்கு முக்கியம். வரண்டி உயிரோடு இருக்கும்போது ஊர்க் கடையில் போனைத் திறந்தால் அந்த நிமிடமே வரண்டி போய்விடும் என்று பல கொம்பனிகள் எழுதிவைத்திருக்கின்றன. வரண்டி செத்த பிறகு கொம்பனிக்குப் போவதில் பெரும்பாலும் இலாபமில்லை. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஐந்தாம் மாதத்தில் பக்கத்துக் கடையில் திறப்பார்கள், பதினைந்தாம் மாதத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்று, பேச வெட்கப்படுகிறோம், பேசியே ஆக வேண்டும். திருத்தக் கொடுக்கும் போனுக்குள் குடும்பமே இருக்கிறது. கடவுச்சொல்லையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதிப் பின்பக்கம் ஒட்டிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பிறகு அதிலிருந்த படம் எங்கெங்கோ சுற்றுகிறது என்று தெரிந்து ஒரு பெண் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்த கதை எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். 2022இலிருந்து சம்சுங் போன்களில் பராமரிப்பு நிலை என்று ஒன்று வந்திருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துகிறவர் போனைச் சோதிக்கலாம், படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. கூகுளின் பிக்சல் போனிலும் இதே போன்ற ஒன்று இருக்கிறது. உங்கள் போனில் இல்லை என்றால் எல்லாவற்றையும் வேறிடத்தில் சேமித்து அழித்துவிட்டுக் கொடுங்கள். போன் ஒன்றும் எரியவே இல்லை என்றால், கண்ணுக்கு முன்னால் திருத்தச் சொல்லிக் கடையில் குந்தியிருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. திருமலை வீதிப் பெடியன் அதற்கென்றே இரண்டு ஸ்டூல் போட்டிருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பொருளில் குறை என்று எழுத்தில் முறையிட்டால், விசாரித்து, நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று கடைக்கு உத்தரவிட அதிகார சபைக்கு முடியும். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. புதுப் போன் வாங்கிய கிழமையிலேயே பழுது, கடைக்காரர் பார்க்க மாட்டேன் என்கிறார் என்றால் இதை விட நல்ல வழி கிடையாது. தயங்காமல் எழுதுங்கள், பில்லை வைத்திருங்கள். என் 14ஆம் மாதக் கோட்டுக்கு இது உதவாது. இதை விடப் பழைய சட்டம் ஒன்றும் உண்டு, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தோணியும் மாட்டு வண்டியும் ஓடிய காலத்துச் சட்டம், இன்றைக்கும் செல்லும். 62,000 ரூபாவுக்காக அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படி ஏறுகிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வேறிடத்தில் இது நகர்ந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கும் பொருளுக்குச் சட்டப்படியே இரண்டு வருடப் பொறுப்பு உண்டு. 2025 ஜூன் 20இலிருந்து அங்கே விற்கும் போனின் பற்றரி 800 தரம் சார்ஜ் ஏறிய பிறகும் 80 வீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும், அந்த மொடலை விற்பதை நிறுத்தி 7 வருடத்துக்கு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கே விற்கும் போனும் இங்கே விற்கும் போனும் பெரும்பாலும் ஒரே தொழிற்சாலையில்தான் பிறக்கின்றன. ஆகவே அந்த விதியின் நல்லது கொஞ்சம் நமக்கும் ஒழுகும் என்று எதிர்பார்க்கலாம், பற்றரியில் மட்டுமாவது.

வெட்டுக்குத் தாறன்

கடன் நமக்குப் புதிது கிடையாது. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் கடைக் கொப்பியில் எழுதிவைத்துச் சாமான் எடுத்து, "வெட்டுக்குத் தாறன்" என்று சொல்லி, மாரி வேளாண்மை வெட்டியதும் கொடுத்துத் தீர்ப்பதுதான் பரம்பரை வழக்கம். சீட்டுக் கட்டுவோம், நகையை ஈடு வைப்போம். அந்தக் கடன்களுக்கு ஒரு குணம் உண்டு. வருமானம் வரும் நேரத்தைப் பார்த்து அவை வளையும். வேளாண்மை பிழைத்தால் கடைக்காரரும் ஒரு போகம் பொறுப்பார்.

மாதத் தவணை வளையாது. நெல் வெட்டினால் வரும், மீன் பட்டால் வரும், கூலி வேலை கிடைத்தால் வரும். தவணை மட்டும் 5ஆம் திகதி வரும். இதனுடைய கொடுமையான வடிவத்தை நுண்கடன் காலத்தில் கிழக்கு மாகாணம் பார்த்துவிட்டது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று காசு கேட்ட காலம் அது. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்து, வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பும் வைக்கும் அளவுக்குப் போனது. அன்றைக்குக் கடன் வாங்கியது கோழி வளர்க்க, தையல் மெசின் வாங்க. இன்றைக்குப் போன் வாங்க.

போன் ஆடம்பரம் என்று சொல்லித் தட்டிக் கழிக்கவும் முடியாது. 2020இல் பள்ளிக்கூடம் மூடி, பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தபோது, போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடமே இல்லை. கடன்பட்டு வாங்கினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில கிழமைகளில் 360ஐத் தொட்டபோது, இறக்குமதிப் பொருளான போனின் விலையும் அதே வேகத்தில் ஏறியது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமாகி, அதுவரை விலக்கில் இருந்த போன்களுக்கும் விழுந்தது. சம்பளம் அந்த அளவு ஏறவில்லை. கையில் காசு வைத்து வாங்கக்கூடிய பொருளாக இருந்த போன், தவணையில் மட்டும் வாங்கக்கூடிய பொருளாக மாறியது இப்படித்தான்.

இனி என் கணக்கு. பிந்திப் போட்டேன் என்றாலும் போட்டுவிட்டேன். 120,000க்கு மாதம் 2 வீத வட்டி, 18 மாதம். வட்டி மட்டும் 43,200. மொத்தம் 163,200, மாதம் 9,067. '2 வீதம்தானே, வருடத்துக்கு 24' என்று தோன்றும். ஆனால் அந்த 2 வீதம் ஒவ்வொரு மாதமும் முழு 120,000 மீதும் ஓடுகிறது. நான் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் வட்டி குறையவில்லை. கடைசி மாதத்தில் நான் வாங்கிய கடனில் மிச்சம் இருப்பது 6,667 ரூபா. அதற்கு நான் கட்டுவது 2,400 ரூபா வட்டி. அந்த ஒரு மாதத்துக்கு 36 வீதம். குறையும் மீதிக்கு மட்டும் வட்டி என்ற ஒழுங்கான முறையில் திருப்பிப் போட்டுப் பார்த்தால், என் கடனின் உண்மையான வட்டி வருடத்துக்கு 41 வீதத்துக்கு மேல் போகிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளை இந்தக் கணக்கைப் பிழையாகச் செய்தால் நான் சும்மா விடமாட்டேன்.

'வட்டியே இல்லை' என்ற கிரெடிட் கார்ட் தவணையும் இருக்கிறது. சில நேரம் உண்மையாகவே இல்லை. சில நேரம் 'கையாளும் கட்டணம்' என்று வேறு பெயரில் இருக்கும். இன்னும் சில நேரம் காசு விலை, கார்ட் விலை என்று கடையில் இரண்டு விலை சொல்வதில் ஒளிந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போதே முழுக்காசையும் மேசையில் வைத்தால் எவ்வளவு? அந்த எண்ணுக்கும் தவணைகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி, பெயர் எதுவாக இருந்தாலும்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் மாறிக்கொண்டு வருகிறது. முன்பு ஆள் வருவார். இப்போது சில நாடுகளில் போனே பூட்டிக்கொள்கிறது. சம்சுங்கின் நொக்ஸ் கார்ட் (Knox Guard) போன்ற ஏற்பாடு மூலம் கடன் கொடுத்தவர் தூரத்தில் இருந்தே போனை முடக்கலாம். கென்யாவில் தவணைப் போன்கள் இப்படித்தான் விற்பனையாகின்றன. நம் நாட்டில் வங்கி அல்லது நிதிக் கொம்பனிக் கடன் என்றால், 1990இல் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லோரும் 'கிரிப்' என்று சொல்கிற இடத்தில், உங்கள் பெயரில் பதிவாகும். போனுக்குத் தவறிய இரண்டு தவணை, நாளைக்கு உழவு இயந்திரத்துக்கு லீசிங் கேட்கும்போது மேசையில் வந்து குந்தும். மத்திய வங்கியின் கீழ் இருக்கும் நிறுவனம் என்றால் அதன் நடத்தை பற்றி 1935க்கு முறையிடலாம். கடை தன் சொந்தக் கொப்பியில் எழுதிக் கொடுக்கும் தவணைக்கு அந்த வழி இல்லை.

எனக்கு இதில் ஆகக் கூடுதலாக உறுத்தியது வேறு. போனை விற்றவர் ஒருவர், காசு கொடுத்தவர் இன்னொருவர், திருத்த வேண்டியவர் மூன்றாமவர். கோடு விழுந்ததும் நான் தவணைக் கொம்பனிக்குப் போன் எடுத்து, போன் பழுது, திருத்தும் வரை தவணையை நிறுத்தலாமா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை அன்பாகத்தான் பேசினார். "சேர், நாங்க தந்தது காசுதானே. காசில குறை இல்லையே." ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பொருளின் தரம் பற்றிய எந்தக் குறையும் தவணை கட்டும் கடமையைப் பாதிக்காது என்று ஏழாம் வாசகத்தில் இருந்தது. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இந்தச் சுவரை உடைத்து வைத்திருக்கிறது. 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், பொருளின் குறைக்கு விற்றவரோடு சேர்த்துக் கார்ட் கொம்பனியும் பொறுப்பு. கடன் கொடுப்பவருக்கும் பொருளின் தரத்தில் பங்கு இருந்தால், அவர் கண்ட கண்ட பொருளுக்குக் கடன் கொடுக்க மாட்டார். எங்கட ஒப்பந்தங்களில் அந்த ஏழாம் வாசகம் இருக்கும் வரை, வரண்டி மாதத்தை விடத் தவணை மாதம் கூடவே இருக்கும்.

இந்த மாசியில் கொக்கட்டிச்சோலையிலிருந்து தங்கச்சியின் மகள் வந்தாள். உயர்தரம் முடித்துவிட்டுக் கணினிப் படிப்புக்குப் போகிறாள், போன் வேண்டும். மாதத் தவணையில் 180,000 ரூபா மொடல் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை, என் போனை நீட்டினேன். கோடு இப்போது நாலாகிவிட்டது. "மாமா, இதெப்படிப் பாக்குறீங்க?" என்றாள். பழகிவிட்டது என்றேன். அவள் தகப்பன் வெட்டு முடிந்து நெல் விற்ற காசில் 58,000 ரூபாவுக்கு ஒன்று வாங்கினோம். ஏஜென்ட் வரண்டி 12 மாதம், தவணை இல்லை. 1909க்குச் செய்தி அனுப்பிப் பதில் வரும் வரை கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பில்லில் ஐஎம்ஈஐ எண்ணை எழுதச் சொன்னேன், எழுதித் தந்தார்.

எல்சிடித் திரைப் போன் அது. கறுப்பு அவ்வளவு கறுப்பாக இருக்காது. அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

என் கடைசித் தவணையைச் சித்திரையில் கட்டினேன். பற்றுச்சீட்டைப் போனில் படம் எடுத்தேன். தொகை எழுதிய இடத்துக்கு நேராகக் கோடு விழுந்து, 9,067இல் ஒரு எண் மறைந்துபோயிருந்தது. படம் பழுதோ என்று மனைவியின் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கே நான்கு எண்களும் சுத்தமாகத் தெரிந்தன.